கோப்பையைக் கவிழ்க்காதீங்கப்பா

"தட்டிப் பார்க்கக் கூடாது. வெளிச்சத்துல தூக்கிப் பிடிக்கக் கூடாது. கடிக்கவே கூடாது. முக்கியமா, அடியில என்ன எழுதியிருக்குன்னு கவுத்துப் பார்க்கக் கூடாது. சரியாப்பா?"

டாக்சியின் முன்சீட்டிலிருந்து திரும்பி உட்கார்ந்து மகள் சட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். என் கணவர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். கல்யாணமான நாளாக அந்தத் தலையாட்டலைப் பார்ப்பவள் நான். நம்பவில்லை.

பல் டாக்டர்களுக்குப் பீங்கான் பல் செய்துகொடுப்பது அவர் பிழைப்பு. மனசு கிடப்பதோ வேறு பீங்கானில். இங்கிலாந்தில் என்றோ செய்த தேநீர்க் கோப்பை, சாசர், டீபாட் என்று எங்கே கண்டாலும் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவார். எங்கள் துணி அலமாரியில் டீபாட்டுகள் இருக்கின்றன, துணியெல்லாம் நாற்காலிமேல். சக்களத்திகள் என்றுதான் நான் சொல்வது. கொடுமை என்னவென்றால், சக்களத்திகளைத் தூசு தட்டித் துடைத்து வைப்பதும் நான்தான்.

கடிப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. உடைந்ததை ஒட்டிப் பெயிண்ட் அடித்திருந்தால் கண்ணை ஏமாற்றலாம், பல்லை ஏமாற்ற முடியாதாம். நல்ல பீங்கான் பல்லில் 'டிக்'கென்று படும். பெயிண்ட் மொத்தையாக இருக்கும். இதைக் கடையில் செய்தால் பரவாயில்லை. மகளின் மேலாளர் வீட்டு விருந்தில் செய்தார். அதோடு விட்டாரா? டீயோடு கவிழ்த்தும் பார்த்தார். அதற்கப்புறம் அந்த வீட்டிலிருந்து எங்களுக்கு அழைப்பே இல்லை.

இன்று போவது அவள் கட்டிக்கொள்ள ஆசைப்படும் பையனின் வீட்டுக்கு. பையனுக்கு அப்பா இல்லை. அம்மா துறைமுகத்தில் சுங்க அதிகாரி. "அவங்க வந்து போகட்டும், அப்புறம் சொல்றேன்" என்று மட்டும் மகனிடம் சொல்லியிருந்தாராம். அந்த 'அப்புறம்' என் பெண்ணைத் தூங்கவிடவில்லை.

கதவைத் திறந்த அம்மாள், பெட்டியைச் சோதிப்பதுபோல எங்களை ஏற இறங்கப் பார்த்தார். உட்கார்ந்தோம். வெயிலைப் பற்றிப் பேசினோம். வெயில் தீர்ந்துபோய்ப் பேச்சும் நின்றது. பையன் டீத்தட்டோடு வந்தான்.

கருநீலக் கோப்பைகள், தங்க விளிம்பு. மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

என் கணவர் கோப்பையை வாங்கி, அதைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. மகளுக்காக மனிதர் தன்னையே கட்டிப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

நான் ஒரு வாய் குடித்தேன். விளிம்பு உதட்டில் காகிதம்போலப் பட்டது. உதடு படும் பக்கம் மட்டும் தங்கம் தேய்ந்திருந்தது. இது நேற்றைக்குச் செய்ததல்லவே, பழைய இங்கிலாந்துக் கோப்பை என்றால் அடியில் சிவப்பில் ஓர் எண் இருக்க வேண்டுமே என்று நினைத்தேன். நினைத்ததுதான் தெரியும். டீ முழுவதும் என் மடியில், மேஜை விரிப்பில். கோப்பை என் கையில் தலைகீழாக இருந்தது.

சுட்டுவிட்டதா என்று கேட்க வேண்டிய மனிதர், "இருக்கா?" என்றார்.

"இருக்குங்க. கையால எழுதினது" என்றேன். மானம் கப்பலேறிய பிறகு மறைக்க என்ன இருக்கிறது?

"அம்மா!" மகள் தலையில் கைவைத்துக்கொண்டாள். "அப்பாவைக் கட்டிப்போட்டேன், உன்னை விட்டுட்டேனே!"

பையனின் அம்மா எழுந்துவிட்டார். "கோப்பைக்கு... ஒண்ணும் ஆகலையே?"

"இல்லீங்க."

அப்படியே பொத்தென்று உட்கார்ந்தார். "நல்லவேளை. அது எங்களுது இல்லீங்க. மாடி வீட்டுல இரவல் வாங்கினது."

"அம்மா!" இம்முறை பையன்.

"என்னடா அம்மா? பொண்ணோட அப்பா பீங்கான்ல பெரிய ஆளுன்னு நீதானே சொன்னே? நம்ம வீட்டுல இருக்கறது நாலு கண்ணாடி டம்ளர். என்ன நினைப்பாங்களோன்னு காலையிலேயே மாடிக்கு ஓடினேன்." என் பக்கம் திரும்பினார். "ஊரான் பெட்டியைக் கிளறுறதுதாங்க என் வேலை. இன்னிக்கு நானே மாட்டிக்கிட்டேன்."

முதலில் சிரித்தது அவர்தான். பிறகு நான். எங்கள் சிரிப்பைப் பார்த்து மகள் சிரித்து, சிரிப்பு நிற்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தன் கோப்பை டீயை ஒரே மடக்கில் குடித்தாள், கைக்குட்டையால் துடைத்தாள், அப்பாவின் கையில் வைத்தாள்.

"பாருங்கப்பா."

அவர் நம்பாமல் அவள் முகத்தைப் பார்த்தார். அப்புறம் தட்டினார், காதில் வைத்துக் கேட்டார், ஜன்னலோரம் கொண்டுபோய்த் தூக்கிப் பிடித்தார், கவிழ்த்தார், கடைசியில் கடித்தார். 'டிக்'. எல்லோருக்கும் கேட்டது.

"அசல்" என்றார். "இருநூறு வருஷம் இருக்கும். ஒட்டு வேலை துளிகூட இல்லை."

அம்மாளுக்கு முகம் வெளுத்தது. "இருநூறு வருஷமா? நான் காய்கறிக் கூடையில இல்ல போட்டு எடுத்துட்டு வந்தேன்!"

கூடையைத் தொட யாருக்கும் தைரியம் வரவில்லை. என் கணவரே கழுவித் துடைத்தார். ஆளுக்கொரு கோப்பை, இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வரிசையாக மாடிப்படி ஏறினோம். முன்னால் பையனின் அம்மா, அடுத்து என் கணவர், பையன், மகள், கடைசியாக ஈர உடையோடு நான்.

படி வளையும் இடத்தில் அம்மாள் நின்று, எல்லோரையும் தாண்டி என்னைப் பார்த்தார்.

"பார்த்து வாங்க, சம்பந்தியம்மா. அந்தப் படி கொஞ்சம் உசரம்."

வரிசை நின்றுவிட்டது. மகள் என் பக்கம் திரும்பினாள். கட்டிக்கொள்ளக் கை காலியாக இல்லை. கோப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் நிறைந்தது.

"அழறதுன்னா நல்லா அழுங்க ரெண்டு பேரும்" என்றார் என் கணவர் மேலேயிருந்து. "கோப்பையை மட்டும் இப்படிக் குடுத்துடுங்க."