நானூறு ஜிபி பண்ணை

சனிக்கிழமை மத்தியானம் ஓட்சோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து தூலியின் குரல் பாய்ந்து வந்தது.

“ஓட்சோ! இந்தக் கம்ப்யூட்டர்ல எறும்பு நுழையக்கூட இடமில்லை. என்னத்தப் போட்டு ரொப்பி வெச்சிருக்கே?”

தூலி ஃபின்லாந்தின் ஓலு நகரத்துப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணியின் கோல்கீப்பர். காலையில் ஆடிய ஆட்டத்தின் வீடியோவைக் கேமராவிலிருந்து இறக்கப் பார்த்தாள். டிஸ்க் ஏற்க மறுத்துவிட்டது.

“நான் ஒண்ணும் போடலை. உன் ஹாக்கிதான் மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு,” என்றபடி ஈரக் கையோடு வந்தான் அவள் கணவன்.

“என்னோடது எல்லாம் சேர்த்தே அம்பது ஜிபி. உன் பண்ணையைப் பாரு.”

பார்த்தான். ஆறேழு மாதமாக அவன் ஆடிவரும் பண்ணை விளையாட்டு, வாங்கியபோது இருபது ஜிபிதான். இப்போது அந்த ஃபோல்டர் நானூறைத் தாண்டி நின்றது.

“உருளைக்கிழங்கு நிஜமாவே உள்ள விளையுதோ?” என்றாள் தூலி.

ஓட்சோவுக்கு ரோஷம் வந்துவிட்டது. பண்ணையில் தான் சேமித்து வைத்த ஆட்டங்களைத்தான் முதலில் சந்தேகித்தான். அவை கையளவுகூட இல்லை. சரி, அடியோடு பிடுங்கி எறிவோம் என்று விளையாட்டையே நீக்கிவிட்டு மறுபடி நிறுவினான். ஃபோல்டர் இம்மியும் இளைக்கவில்லை.

“பேயை ஓட்டியாச்சு, அது மூட்டையை மட்டும் இங்கயே விட்டுட்டுப் போயிருக்கு,” என்று தலையைச் சொறிந்தான்.

“அளவு வாரியா அடுக்கிப் பாரேன், மக்கு.”

அடுக்கினான். எல்லாவற்றுக்கும் மேலே வந்து உட்கார்ந்தது ஒரே ஒரு ஃபைல். விளையாட்டு தனக்குள் நடப்பதைத் தானே எழுதிவைத்துக்கொள்ளும் வெறும் எழுத்துக் கோப்பு. திறக்கப் போனால் கம்ப்யூட்டர் மூச்சடைத்து நின்றது. அணைத்துப் போட்டு, படிக்காமலேயே அதை அழித்தான். டிஸ்க் காலி! வெற்றியைக் காபியும் லவங்கப்பட்டை மணக்கும் பன்னுமாகக் கொண்டாடினார்கள். தூலியின் வீடியோ இறங்கியது. ஓட்சோ பண்ணைக்குப் போனான்.

கொஞ்ச நேரத்தில் அலறினான். “தூலி, மறுபடி முளைச்சிருச்சு!”

இந்த முறை ஃபைல் திறக்கிற அளவில் இருந்தது. முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒரே வாசகம்: ஹில்லா, போக வழியில்லை. ஹில்லா, போக வழியில்லை.

“யாரு ஹில்லா?” என்றாள் தூலி.

“நம்ம வெள்ளாடு! நீதானே பேரு வெச்சே?”

இருவரும் தோள் உரசத் திரையில் தேடினார்கள். தொழுவத்தில் இல்லை, மேய்ச்சலில் இல்லை. கடைசியில் சவுனா என்னும் நீராவிக் குளியலறையின் பின்சுவருக்கும் விறகுக் கொட்டகைக்கும் நடுவே ஒரு சந்தில் அகப்பட்டது. நின்ற இடத்திலேயே நடந்து நடந்து சுவரில் முட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முட்டுக்கும் ஒரு வரி.

“ஐயோ, பாவம்டா,” என்றாள் தூலி.

“இரு. சவுனாவை நான் ஏரிக்கு அந்தப் பக்கம்ல கட்டினேன்? இங்க எப்படி வந்துச்சு?”

தூலி ஜன்னல் வழியே பனியைப் பார்த்தாள். “நீ தாம்பரே ஊருக்குப் போயிருந்தப்போ சும்மா கொஞ்சம் நகர்த்தினேன். இங்கேருந்து ஏரி அழகா தெரிஞ்சுது.”

“ஆட்டை நடுவுல வெச்சுக் கட்டிட்டு உருளைக்கிழங்கைச் சொல்றியா? இப்பவே இடிக்கிறேன்!”

“ஃபின்லாந்துல பொறந்தவன் எவனாவது சவுனாவை இடிப்பானா?”

ஓட்சோ யோசித்தான். அதில் நியாயம் இருந்தது. இடித்தது விறகுக் கொட்டகையை.

ஹில்லா ஒரு கணம் திகைத்து நின்றது. பிறகு வெளியே வந்தது. ஃபைல் வளர்வதும் நின்றது. இருவரும் கைதட்டி முடிப்பதற்குள் ஆடு நேராக முட்டைக்கோசு வயலில் இறங்கி, சந்தைக்கென்று ஓட்சோ வளர்த்திருந்ததை வரிசை வரிசையாக மேயத் தொடங்கியது.

“தடு, தடு!”

“விடுடா, எத்தனை மாசப் பசியோ. தின்னட்டும்,” என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள் தூலி. சிரிப்பில் அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஓட்சோ முகத்தைக் கடுப்பாக வைத்துக்கொள்ளப் பார்த்தான், முடியவில்லை.

வயல் பாதி காலியானதும் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். “தள்ளு. மிச்சத்துக்கு நான் வேலி போட்டுத் தரேன்.”

“அம்மா தாயே, நீ எதையும் கட்டாதே!” என்று கீபோர்டை மார்போடு அணைத்துக்கொண்டான் ஓட்சோ.