ஒற்றைக் கையுறை

மாமனாரின் உதட்டை ஈரப் பஞ்சால் நனைத்துக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. பழைய ராணுவச் சாமான்கள் வாங்கும் வியாபாரி வந்திருந்தார். அவரை வரவழைத்தது மாமனாரேதான். நேற்று டாக்டர் கையை விரித்துவிட்டுப் போனதும் முதல் வேலையாக மருமகளைப் போன் போடச் சொன்னார். தான் இருக்கும்போதே எல்லாம் விலைபோய்விட வேண்டுமாம். இல்லாவிட்டால் ஆளாளுக்கு ஒரு கதை கட்டுவார்களாம். ஐம்பது வருடமாகப் போர்க்கதை சொல்லிவந்தவர் அவர்தான்.

திரைச்சீலை வழியாக வந்த வெயிலில் அறை பால் கலந்த தண்ணீர்போல் கலங்கித் தெரிந்தது. கட்டிலடியிலிருந்து இரும்புப் பெட்டியை இழுத்து, போரிலிருந்து அவர் கொண்டுவந்தவற்றைக் கால்மாட்டில் பரப்பினாள். பைனாகுலர், திசைகாட்டி, ஒடுக்கு விழுந்த தண்ணீர்க் குப்பி, எதிரிப் படையின் தொப்பிச் சின்னம். வியாபாரி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துத் தாழ்ந்த குரலில் விலை சொன்னார். மாமனார் கண்ணைத் திறக்காமலே தலையசைத்தார். நடுநடுவே யாரிடமோ, “பாத்து வா, வழுக்கும்” என்றார்.

கடைசியாக, உள்ளே ரோமம் வைத்த தோல் கையுறை. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கல்யாணமான முதல் வாரமே அவர் அதை எடுத்துக் காட்டியிருந்தார். எதிரி ஒருவனின் கழுத்தை வெறுங்கையால் நெரித்துவிட்டு, அவன் கையிலிருந்து உருவிக்கொண்டு வந்ததாம். அன்றிலிருந்து இருபத்திரண்டு வருடம், சாப்பாட்டுத் தட்டை அவர் கையில் கொடுக்காமல் மேஜைமேல் வைத்துத்தான் அவளுக்குப் பழக்கம். படுக்கையில் விழுந்த பிறகுகூட ஸ்பூனால்தான் ஊட்டினாள்.

“ஜோடியா இருந்தா நல்ல விலை போகும் ஐயா. ஒத்தைக்கு விலை கிடையாது. இன்னொண்ணு எங்க?” என்றார் வியாபாரி.

“அவன்கிட்ட இருக்கு.”

“எவன்கிட்ட மாமா?”

மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். பிடிபட்ட எதிரி ஒருவனை மலையிலிருந்து தனியாகக் கீழே கூட்டிப்போகும்படி அவருக்கு உத்தரவு. பனி கொட்டியது. இவருடைய கையுறைகள் எங்கோ தொலைந்திருந்தன. விரல் நீலம் பாய்வதைப் பார்த்த அந்தக் கைதி, தன்னுடையதில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தான். ஆளுக்கொன்றாக மிச்சமிருந்த வெறுங்கைகள் இரண்டையும் இவருடைய கோட்டுப் பைக்குள் ஒன்றாகக் கோத்துக்கொண்டு பகல் முழுக்க நடந்தார்கள். முகாமில் அவனைச் சட்டென்று லாரியில் ஏற்றிவிட்டார்கள். திருப்பிக் கொடுக்க நேரமில்லை.

“கழுத்தை நெரிச்சேன்னு சொன்னீங்களே?”

“கையப் புடிச்சிக்கிட்டு வந்தேன்னு சொன்னா சிரிப்பாங்கல்லம்மா.”

அவரே லேசாகச் சிரித்தார். பிறகு, “பாத்து வா” என்றார். அந்தக் குரல் ஒரு சரிவில் இறங்கிப் போவதுபோல் மெதுவாகத் தேய்ந்தது. அவள் அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தாள். வியாபாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிய பிறகுதான் அவளுக்குப் புரிந்தது.

பாதி திறந்திருந்த கண்ணை மூடிவிட்டதும், மடங்கியிருந்த காலை நேராக்கியதும், வேலைக்குப் போயிருந்த அவள் கணவனுக்குப் போன் செய்ததும் வியாபாரிதான். அவள் துணியை வெந்நீரில் நனைத்து மாமனாரின் கைகளைத் துடைத்தாள், விரல் விரலாக. அவள் நினைத்திருந்ததைவிட அவை சின்னக் கைகள்.

சாமான்களுக்கு இன்னொரு நாள் வருவதாக வியாபாரி சொன்னார். எல்லாம் இன்றைக்கே போகட்டும் என்றுதான் மாமா சொல்லியிருந்தார் என்று, கையுறையைத் தவிர மற்றவற்றை அவளே பையில் எடுத்து வைத்தாள்.

கணவன் வந்தான். வெகுநேரம் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பிறகு கட்டிலின் கால்மாட்டில் கிடந்த கையுறையைப் பார்த்து, “இதை மட்டும் ஏன் வியாபாரி விட்டுட்டார்?” என்று கேட்டான்.

“ஒத்தைக்கு விலை கிடையாதாம்.”

மற்றதை இப்போது சொல்ல வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியது.

தெருவில் ஆட்கள் சேர ஆரம்பித்திருந்தார்கள். வியாபாரி பையை ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு, ஏறி உட்காராமல், தெரு முனை வரைக்கும் அதைத் தள்ளிக்கொண்டே போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். திருப்பத்தில் அவர் மறைந்த பிறகும் வண்டி கிளம்பும் சத்தம் கேட்கவில்லை.