சீமைப்பலா மரத்து ஹோர்டென்ஸ்

எங்கள் ஆன்ஸ் பெலூஸ் கிராமத்துச் சபையில் மீன்காரி ஹோர்டென்ஸ் லாவியல், பாட்டின் இரண்டாம் சரணத்தில் தரையை விட்டு ஒரு முழம் எழும்புவாள். பதினோரு வருடமாக அப்படித்தான் எழும்பிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருக்கும் நாங்கள் அவள் பாவாடை ஓரத்தைப் பிடித்துக்கொள்வோம், அவ்வளவுதான். கடல் கடந்த சபையொன்றிலிருந்து இருபத்திரண்டு விருந்தினர்கள் வருவதாகக் கடிதம் வந்த பிறகுதான் அது எங்களுக்கு உறுத்தியது. சூனியம் என்று நினைப்பார்கள் என்றார் பாஸ்டர் எல்ரிக். அவர்கள் வரும் ஞாயிறு மட்டும் வீட்டில் இருக்கும்படி அவளிடம் போய்ச் சொன்னார். நாங்கள் யாரும் தடுக்கவில்லை.

“உங்களுக்கு வெக்கமா இருந்தா வரல பாஸ்டர். கொஞ்சம் சத்தமாப் பாடுங்க, வீட்ல இருந்தே கேட்டுக்கறேன்” என்றாளாம்.

நாங்கள் சத்தமாகப் பாடவில்லை. விருந்தினர்கள் எங்களைக் கூச்ச சுபாவக்காரர்கள் என்று எண்ணிக்கொண்டார்கள். மறுநாள் அருவியும் கந்தக ஊற்றும் பார்க்க பஸ்ஸில் கிளம்பினோம். மேட்டில் ஏறும்போது விருந்தினர்களே உற்சாகமாகப் பாட ஆரம்பித்தார்கள். இரண்டாம் சரணம் வந்தபோது பஸ் ஹோர்டென்ஸ் வீட்டைக் கடந்துகொண்டிருந்தது. முற்றத்தில் மீன் செதில் உரசிக்கொண்டிருந்தவள் கத்தியோடு எழும்பி, பாவாடையைப் பிடிக்க ஆளில்லாமல் சீமைப்பலா மரத்தின் உச்சிக் கிளை வரை போய்விட்டாள்.

மரத்துல என்ன அது என்று ஒரு வயதான அம்மாள் கேட்டாள்.

“துணிம்மா. காயப் போட்டிருக்காங்க” என்றார் பாஸ்டர். பஸ்ஸில் இருந்த நாங்கள் பத்துப் பேரும் தலையாட்டினோம்.

ஜன்னல்கள் திறந்திருந்தன. “ஆமாம்மா, துணிதான்” என்றது மேலிருந்து ஒரு குரல். அதன்பிறகு அருவியை எங்களில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

விருந்தினர்கள் வியாழக்கிழமை போனார்கள். ஹோர்டென்ஸ் இறங்கவில்லை. பாஸ்டர் ஏணி வைத்து ஏறி, கிளையைக் கட்டிக்கொண்டு அழுதார்.

“மன்னிச்சு நாலு நாளாச்சு பாஸ்டர்” என்றாள் அவள். “இறங்கத்தான் தெரியல.”

பாவாடையைப் பிடித்து இழுத்துப் பார்த்தோம், கிளைதான் முறிந்தது, அவள் அதே உயரத்தில் மிதந்தாள். ஆகவே சபைப் பெஞ்சுகளைச் சுமந்துகொண்டு போய் அந்த மரத்தடியில் போட்டோம். அவளுக்குத் திருவிருந்து அப்பம் ஏணி வழியாகப் போகிறது. மழைக்காலத்தில் மேலே ஒரு தார்ப்பாய் கட்டுகிறோம். மறுவருடம் விருந்தினர்கள் வந்தபோது முதலில் அங்கேதான் அழைத்துப் போனோம். அதே அம்மாள் அண்ணாந்து பார்த்து, யார் அது என்றாள்.

“எங்க ஹோர்டென்ஸ்” என்றார் பாஸ்டர், தரையைப் பார்த்துக்கொண்டு. அம்மாள் கையசைத்தாள். மேலிருந்தும் ஒரு கை அசைந்தது. பிறகு எல்லோரும் உட்கார்ந்தார்கள், ஆராதனை தொடங்கியது.