மயில்கள் இறங்காத மத்தியானம்

அருந்ததி விட்ட குறட்டைக்குப் பயந்து பூநகரி மயில்கள் அத்தனையும் குளத்துக்கு அப்பால் குடிபெயர்ந்தன. யானைவெடி கொளுத்தினாலும் கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கதிரைக் கொத்துகிற மயில்கள் அவை.

குறட்டை விட்டவளோ கிழமைக்கணக்காக ஒழுங்காகக் கண் மூடாதவள். பிள்ளைத்தாய்ச்சி, ஏழாம் மாதம். படுத்தால் போதும், வயிற்றிலிருந்து ஒரு நெருப்புப் புறப்பட்டுத் தொண்டையில் வந்து குந்தும். அந்தச் சூட்டில் எண்ணெய் இல்லாமலே அப்பளம் பொரிக்கலாம். பச்சைத்தண்ணீர் குடித்தாலும் புளித்துக்கொண்டு மேலே வந்தது. தாய் தகப்பன் வவுனியாவில். கணவன் லக்ஷன் அறுவடை மெஷினோடு அம்பாறையில். கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து அவள் சுவர்ப்பல்லியோடு கதைத்தாள். பல்லிக்கும் அலுத்துப்போய் அது குசினிக்கு மாறிவிட்டது.

லக்ஷன் தினமும் அழைப்பான். "சாப்பிட்டியோ?" என்பான். மெஷின் இரைச்சலில் "ஓம்" மட்டுந்தான் அவனுக்குக் கேட்கும். நெஞ்சு எரிகிறது என்று கத்திச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடவும், சாப்பிட்டவுடன் படுக்காமலிருக்கவும், தலைமாட்டை உயர்த்தவும் மருத்துவமாது சொல்லியிருந்தா. கட்டிலின் தலைப்பக்கத்துக் கால்களுக்குக் கல் வைத்துப் பார்த்தாள். விடியும்போது சறுக்கி வந்து கால்மாட்டில் நெல்மூட்டை மாதிரிக் கிடந்தாள்.

பக்கத்து வளவுச் சிவலட்சுமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா.

"பிள்ளைக்குத் தலைமயிர் அடர்த்தி. அதுதான் எரியுது. எனக்கெண்டா நாலு பெத்தும் ஒரு நாளும் எரியேல்லை."

"அப்ப உங்கட நாலும் மொட்டையாவோ பிறந்ததுகள் அக்கா?"

சிவலட்சுமி முகத்தை வெட்டிக்கொண்டு போய்விட்டா. அன்று முழுக்க அருந்ததியோடு கதைக்க அந்த ஒரு சீவனும் இல்லாமல் போனது.

மறுநாள் மத்தியானம், வேப்பமர நிழலில் லக்ஷன் கழற்றி விட்டுப்போன லான்ட்மாஸ்டர் பெட்டி, அந்தச் சின்ன உழவு மெஷின் நெல்மூட்டை இழுக்கும் வண்டி, அவள் கண்ணில் பட்டது. மூக்கு நிலத்தில் குத்தி, பின்பக்கம் உயர்ந்து நின்றது. முன்பலகையைக் கழற்றினாள். வைக்கோலைப் பரப்பினாள். உயர்ந்த பக்கம் தலைமாடு. சறுக்காமலிருக்கக் காலடியில் ஒரு சாக்கை அடைத்தாள்.

"உதுக்கை படுத்தா நித்திரை வருமோ?" வேலிக்கு மேலால் குரல் வந்தது. "உனக்கென்ன விசரோ பிள்ளை?"

"வராட்டி இறங்கி வாறன் அக்கா."

இறங்கவில்லை. கண் விழித்தபோது வெயில் மேற்கே சாய்ந்திருந்தது. தொண்டையில் நெருப்பு இல்லை. பெட்டிக்குப் பக்கத்தில், கவிழ்த்த வாளியில் சிவலட்சுமி இருந்தா. மடியில் தகரமும் தடியும். மத்தியானமானால் ஊர் அதிர அந்தத் தகரத்தை அடித்துத்தான் தன் வயலிலிருந்து மயில் கலைப்பா.

"தகரம் அடிக்கேல்லையோ அக்கா?"

"நீ நித்திரை."

"அப்ப நெல்லு?"

"ஏழெட்டு இறங்கினதுகள்தான். நீ ஒரு குறட்டை விட்டாய். எழும்பிப் பறந்திட்டுதுகள்."

"நான் குறட்டை விடுறேல்லை."

"ஓமோம். அது மோட்டார் சைக்கிள் போன சத்தமாக்கும்."

தொலைபேசி அடித்தது. அன்று அம்பாறையில் மெஷின் பழுதாகி நின்றிருந்தது. இரைச்சல் இல்லை.

"சாப்பிட்டியோ?" என்றான் லக்ஷன்.

"இவ்வளவு நாளும் நெஞ்செரிஞ்சு நித்திரையே இல்லையப்பா" என்றாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, பெட்டிக்குள் தூங்கியதையும் மயில் பறந்ததையும் சொன்னாள்.

"என்னைச் சிரிக்க வைக்கப் புளுகாதை. அக்காட்டைக் குடு."

சிவலட்சுமி தொலைபேசியை வாங்கி, காதில் வைக்காமல் வாய்க்கு நேரே பிடித்தா.

"தம்பி, நீ வருமட்டும் மத்தியானத்திலை நான் இவவோடை இருக்கிறன்." வயலை ஒருமுறை பார்த்தா. "பெட்டிக்கை நித்திரை வராதெண்டு சொன்னவளும் நான்தான். நடந்தது உண்மை. மயிலும் உண்மை."