காட்டெருமைக்கு ஒரு துணை

கீழ்த்தளத்தில் இருந்த கம்ப்யூட்டருக்கு டார்சி வைத்த பெயர் காட்டெருமை. பாகம் பாகமாக வாங்கித் தன் கையாலேயே பூட்டியது. அது முழு மூச்சில் ஓடும்போது கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்து ஜனவரிக் குளிரில்கூடக் கீழ்த்தளத்துக்கு ஹீட்டர் தேவைப்படாது. அவன் மனைவி லரிஸாவின் பிழைப்பு அதை நம்பித்தான் இருந்தது. விதைப்பு எந்திர விளம்பரம், கல்யாண வீடியோ, ஊர் ஹாக்கிக் குழுவின் வெற்றி விழா என்று எது வந்தாலும் காட்டெருமையில் வீடியோவை வெட்டி ஒட்டிக் கொடுப்பாள். டார்சியின் சிறுநீரகங்கள் கைவிட்ட பிறகு அவன் வேலையும் போய்விட்டது. வீட்டுக்கு வருகிற வருமானம் என்றால் அவளுடையது மட்டும்தான்.

வாரத்தில் மூன்று நாள் அவனுக்கு டயாலிசிஸ். ரெஜைனா நகர ஆஸ்பத்திரிக்குக் காரில் ஒரு மணி நேர ஓட்டம். அவனை டயாலிசிஸ் நாற்காலியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து திரும்பவும் போனால் பொழுது முழுக்க ரோட்டிலேயே போய்விடும். அதனால் நாலு மணி நேரமும் அவளும் கூடவே உட்கார்ந்திருப்பாள். பெரிய வேலை ஒன்றும் இல்லை. பாதி நேரம் அரட்டை, பாதி நேரம் சத்தமில்லாத டிவி. எப்போதாவது அவனுக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அவன் முகம் சுருங்கும்போதே இவளுக்குத் தெரிந்துவிடும். எழுந்து போய் இரண்டு உள்ளங்கையாலும் அவன் பாதத்தை அழுத்தித் தள்ளுவாள். மெல்ல விடும்.

வீடு திரும்பி, அவனைப் படுக்க வைத்து, சூப்பைச் சுட வைத்துக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினால்தான் அவளுடைய வேலை தொடங்கும். தூங்குகிறோமா, கண்ணை மூடிக்கொண்டு கவலைப்படுகிறோமா என்றே அவளுக்குத் தெரியாமல் போயிற்று. பனிக்காலம் தொடங்குமுன், தாமதம் தாங்காமல் ஒரு கல்யாணக் கம்பெனி அவளைக் கழற்றிவிட்டது. அவளுக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்ததில் அதுதான் பெரிய இடம்.

ஆஸ்பத்திரியிலேயே உட்கார்ந்து வேலை பார்க்க ஒரு லேப்டாப் இருந்தால் போதும். அதை வசந்த காலத்திலேயே பேசி முடிவு செய்திருந்தார்கள். தேர்ந்தெடுக்கும் பொறுப்பு டார்சிக்கு. அந்த வீட்டில் இருந்த எல்லா எந்திரத்தையும் அவன்தான் பார்த்துப் பார்த்து வாங்கியவன், இதை மட்டும் இன்னொருவர் வாங்க முடியுமா?

அவன் தேடினான். டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்து, ஊசி குத்தாத கையில் போனைப் பிடித்துக்கொண்டு தேடினான், தேடினான், தேடிக்கொண்டே இருந்தான். காட்டெருமையின் தம்பியாக இருக்க வேண்டும் என்பது அவன் கட்டளை. ஒன்றில் விசிறி இரைகிறதாம். ஒன்றில் திரை மங்கலாம். இன்னொன்றில் எல்லாம் பொருத்தம், ஆனால் சூடேறினால் படுத்துவிடுமாம். பெண் பார்க்கப் போன வீட்டிலெல்லாம் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, போய்த் தகவல் சொல்கிறோம் என்று எழுந்து வருகிற கூட்டம் மாதிரிதான் இருந்தது அவன் தேடல். இரண்டை வாங்கவும் செய்தார்கள். கடையில் திருப்பி எடுத்துக்கொள்ளும் கெடு முடியுமுன் பெட்டி கசங்காமல் இரண்டும் வந்த வழியே போயின.

நர்ஸ் மேரிவிக்குக்கு அது தினசரி வேடிக்கை. குழாயைச் சரிபார்க்க வரும்போதெல்லாம், "என்ன டார்சி, சம்பந்தம் இன்னும் முடியலையா?" என்பாள். அவன் சிரிப்பான். லரிஸாவும் முதலில் சிரித்தாள். பிறகு அவளுக்குச் சிரிக்கத் தெம்பில்லை.

ஒரு நாள் விடியற்காலையில், காட்டெருமை முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கி விழித்தபோது அவளுக்குச் சட்டென்று உறைத்தது. தம்பி எதற்கு? பாரம் இழுக்கத்தான் இது ஒன்று இங்கே நிற்கிறதே. ஆஸ்பத்திரியில் இருந்தபடியே இதன் திரையைப் பார்க்கவும், செய் என்று சொல்லவும் ஒரு ஜன்னல் இருந்தால் ஆயிற்று. டார்சிக்கு இது தெரியாதா என்று ஒரு கணம் தோன்றியது. களைப்பில் அதை அப்படியே விட்டுவிட்டாள். அன்றைக்கே அடுத்த தெரு டீச்சர் ஒருத்தி விற்கப் போட்டிருந்த பழைய லேப்டாப்பை வாங்கி வந்தாள். கோட்டுப் பைக்குள் நுழையாத குறைதான், அவ்வளவு சின்னது.

டார்சி அதைக் கையில் வாங்கிப் பார்த்தான். குறை சொல்வான் என்று காத்திருந்தாள். அவனோ அவள் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, வீட்டுக் காட்டெருமையோடு அதை இணைத்தும் கொடுத்தான். அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

ஆஸ்பத்திரியில் அது அருமையாக வேலை செய்தது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு லரிஸா விதைப்பு எந்திரக்காரனின் விளம்பரத்தை வெட்டினாள். அடுத்த முறை ஹாக்கி. ராத்திரி கொஞ்சம் தூக்கம்கூடக் கிடைத்தது. ஒரு வழியாகக் கரை ஏறிவிட்டோம் என்று நினைத்தாள்.

மூன்றாவது முறையோ நான்காவது முறையோ, பக்கத்தில் ஏதோ நிழலாடுகிறதே என்று நிமிர்ந்தாள். மேரிவிக் குனிந்து டார்சியின் பாதத்தை அழுத்திக்கொண்டிருந்தாள். அவன் நெற்றியெல்லாம் வேர்வை. எவ்வளவு நேரமாக என்று லரிஸாவுக்குத் தெரியவில்லை. ஹெட்போனைக் கழற்றினாள். மேரிவிக் எதுவும் சொல்லாமல் அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டாள். அவள் சொல்லாமல் போனதுதான் சுருக்கென்று தைத்தது.

"கூப்பிட வேண்டியதுதானே?"

"வேலையா இருந்தே."

"காலு அப்படி இழுக்குது, வேலையாவது மண்ணாவது. ஒரு தட்டு தட்டியிருக்கலாம்ல?"

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"அந்த ரெண்டு லேப்டாப்பும் நல்லாத்தான் இருந்துச்சு லரிஸா. முதல்ல வாங்கினதுல ஒரு குறையும் இல்ல."

"பின்ன ஏன் திருப்பிக் குடுக்கச் சொன்னே?"

"வாங்கிட்டா நீ இங்க வேலை பாப்பே. வீட்டுக்குப் போனா நீ கீழ, நான் மேல. உன்கூட நான் உக்காந்து பேசுறது இங்க மட்டுந்தான்."

லரிஸாவுக்கு முதலில் வந்தது கோபம்தான். கண் எரிய எரிய விழித்திருந்த அத்தனை ராத்திரியும், கைவிட்டுப் போன கல்யாணக் கம்பெனியும் நெஞ்சில் வந்து அடைத்தன. "என் பொழப்பு போச்சே, தெரியுமா உனக்கு?" என்று கேட்டாள். தெரியும் என்று தலையாட்டினான். அதற்கு மேல் சண்டை போட இருவரிடமும் சத்து இல்லை. ரத்தம் குழாயில் போய் எந்திரத்தைச் சுற்றித் திரும்பி வந்துகொண்டிருந்தது. அவள் லேப்டாப்பை மூடவில்லை. மூடவும் முடியாது, விளம்பரம் மறுநாள் போயாக வேண்டும். ஹெட்போனை மட்டும் ஒரு காதிலிருந்து எடுத்துவிட்டு மீதியை வெட்டி முடித்தாள்.

சமாதானம் என்று யாரும் பேசவில்லை. ஆனால் அவள் யோசித்துக்கொண்டே இருந்தாள். வெட்டி ஒட்டியதையெல்லாம் சேர்த்து முழுப்படமாக ஆக்குவதற்கு ரெண்டர் என்று பெயர். தொடங்கிவிட்டால் மனிதர் தொட வேண்டாம். காட்டெருமை மணிக்கணக்கில் தானாக அரைத்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் அதில் வேறு வேலை எதுவும் ஓடாது. நடுவில் நின்றுபோனால் மறுபடி தட்டிவிட மட்டும் ஒரு ஆள் வேண்டும். அதற்காகத்தான் இத்தனை நாளும் ராத்திரி பூராவும் காவல் காத்தாள்.

அடுத்த டயாலிசிஸ் நாளில் இருட்டோடு எழுந்து, வெட்டுகிற வேலையை வீட்டிலேயே முடித்தாள். உடம்பு அடித்துப் போட்டது போல் இருந்தது. இனி எல்லா நாளும் இப்படித்தான் எழ வேண்டும் என்று நினைத்தபோது அழுகை வந்தது. வந்ததை விழுங்கிவிட்டுக் காரைக் கிளப்பினாள்.

மேரிவிக் ஊசி ஏற்றிவிட்டுப் போனதும் லரிஸா லேப்டாப்பைத் திறந்தாள். டார்சி முகத்தை டிவி பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் ஒரே ஒரு பொத்தானைத் தட்டினாள். ஒரு மணி நேரத் தொலைவில், யாருமில்லாத வீட்டின் கீழ்த்தளத்தில், காட்டெருமை அரைக்கத் தொடங்கியது. ஓடுகிறதா என்று ஒரு தரம் பார்த்துவிட்டு மூடிக் காலடியில் வைத்தாள்.

"அவ்ளோதானா?" என்றான்.

"அவ்ளோதான். நீ இறங்கறதுக்குள்ள அது முடிச்சிடும். அப்பப்போ எட்டிப் பாத்தா போதும்."

நாற்காலியை இழுத்து அவன் கால்மாட்டில் போட்டுக்கொண்டு, இன்னும் இழுத்துப் பிடிக்காத அவன் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அவன் ஷூவைக் கழற்றக்கூட அவளுக்குச் சோம்பலாக இருந்தது. அவன் பிறகு ஊசி குத்தாத கையால் போர்வைக்கடியிலிருந்து போனைத் துழாவி எடுத்தான்.

"புதுசா ஒண்ணு வந்திருக்கு" என்றான், அவளைப் பார்க்காமல்.

லரிஸா கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்தாள்.

"சொல்லு. அதுல என்ன குறை?"