தகர முகம்

படம் எழுதுகிறவனுக்குக் கற்பனை வேண்டும் என்பார்கள். எனக்கு அது துளியும் கிடையாது. கண்ணால் பார்த்ததைத்தான் என் கை எழுதும், பார்க்காததை எழுதச் சொன்னால் தூரிகை சண்டித்தனம் பண்ணும். பத்து வருடம் மலாக்கா பட்டணத்துத் தியேட்டர்களுக்குப் பலகை எழுதினேன், ஒருவரும் இதைக் கண்டுபிடிக்கவில்லை. நோட்டீசில் இருக்கும் முகத்தைப் பார்த்துப் பெரிதாக்குவதுதானே அந்த வேலை. இந்தக் குறையால் என்ன ஆனது என்று சொல்லத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த நாளில் 'கறுப்புக் கையுறை' என்றொரு ஆங்கிலப் படம் பாகம் பாகமாக வந்துகொண்டிருந்தது. வில்லன் முகமூடி போட்டவன், கையில் கறுப்பு உறை. முதல் பாகத்தில் மலையிலிருந்து விழுந்து செத்தான். இரண்டாம் பாகத்தில் ரயிலில் அடிபட்டுச் செத்தான். மூன்றாம் பாகத்தில் தீயில் வெந்தான். செத்தவன் அடுத்த பாகத்தில் திரும்பி வருவான் என்பது பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும், ஆனாலும் ஜனங்கள் முண்டியடித்துக்கொண்டு போனார்கள். நான்காம் பாகத்தில் முகமூடி கழலப் போகிறது என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு.

இதை வைத்துப் பிழைத்தவன் அப்பு. காஜா பேராங்கில் எங்கள் வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளி, பல தலைமுறையாக இங்கேயே ஊறிவிட்ட மலாக்காச் செட்டிகள் குடியிருக்கும் செட்டிக் கம்பத்தில் இருந்தான். கோவிலில் சாமி கும்பிடுவதோடு சரி, அவன் வீட்டில் பேச்செல்லாம் மலாய்தான். சந்தைத் திடலில் அவன் ஒரு துப்பாக்கிக் கூடாரம் போட்டிருந்தான். மேசையில் முடுக்கி வைத்த காற்றுத் துப்பாக்கி, எதிரே ஆள் உயர மரப்பெட்டி. பெட்டிக்குள் காட்டுப் பாதை எழுதிய நீளத் துணி. அப்பு பின்னால் உட்கார்ந்து சைக்கிள் பெடலை மிதித்தால் துணி உருளும், நீங்களே அந்தப் பாதையில் நடந்து போவதுபோல் இருக்கும். இந்த ஆட்டத்தில் கதாநாயகனைப் பார்க்க முடியாது, கதாநாயகன் நீங்கள்தான். மரத்துக்குப் பின்னாலிருந்து தகர ஆட்கள் எட்டிப் பார்ப்பார்கள், சுட்டால் மடங்கி விழுவார்கள். கடைசியில் கறுப்புக் கையுறை வருவான். அவன் கை இடுப்புக்குப் போகும். ஒன்று, ரெண்டு என்று எண்ணுவதற்குள் சுட்டுவிட வேண்டும். தவறினால் அந்தக் கை துப்பாக்கியோடு மேலே வரும், சிவப்பு விளக்கு எரியும், நீங்கள் செத்துப்போனீர்கள் என்று அர்த்தம். துணியையும் தகரத்தையும் எழுதியவன் நான்.

அங்கே தினமும் சாயந்திரம் வந்து நின்றவன் மருதமுத்து. புக்கிட் பாருவில் வீடு, ஏதோ ஒரு தோட்டத்தில் ஹோம் கார்டு வேலை. காட்டில் கம்யூனிஸ்டுகள் இருந்த காலம் அது, தோட்டத்து வாசலுக்கெல்லாம் துப்பாக்கிக் காவல். எந்தத் தோட்டம் என்று நான் கேட்டதில்லை. நல்ல பையன், என்னை வாய் நிறைய அண்ணே என்று கூப்பிடுவான். "வேலையில ஒரு தோட்டாகூடச் சுட விடமாட்றாங்கண்ணே, கையி துருப்புடிச்சிரும்" என்று சிரிப்பான். ஆட்டத்தில் அவனுக்கு ரெண்டு எண்ணும்வரை தேவைப்படாது. கறுப்புக் கையுறையின் கை அசைந்ததுமே சுட்டுவிடுவான்.

என் அண்ணன் சேதுபதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். செங் என்ற ஊர்ப் பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில், பால் வெட்டியவன், தொழிற்சங்கத்தில் முன்னால் நின்றவன். நாற்பத்தெட்டில் சங்கத்தைத் தடை செய்து ஆட்களைப் பிடிக்க ஆரம்பித்ததும் காட்டுக்குள் போய்விட்டான். ஏழு வருடம் ஒரு தகவலும் இல்லை. போலீசிடம் இருந்த படத்தில் அவனுக்குக் கொழுத்த கன்னம், சுருட்டை முடி. அம்மா அவனுக்குத் திதி கொடுக்கவும் இல்லை, அவன் பேரைச் சொல்லவும் இல்லை.

ஐம்பத்தைந்து மார்கழியில் செங்கில் ஒரு மளிகைக் கடைக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தேன். நல்ல உச்சி வெயில். கீழே விறகுக் கட்டோடு ஒருவன் வந்து நின்றான்.

"ஏணி ஆடுது. புடிச்சிக்கவா?" என்றான்.

குரலில்தான் அடையாளம் தெரிந்தது, முகத்தில் தெரியவில்லை. சொறி பிடித்து மொட்டை அடித்திருந்தான். கன்னம் உள்ளே போயிருந்தது. இடது புருவத்தை ஒரு வெட்டு இரண்டாகப் பிளந்திருந்தது. நான் இறங்கப் போனேன், இறங்காதே என்று கண்ணைக் காட்டினான். ஏணியைப் பிடித்தபடியே பேசினான்.

"ஏரோப்ளேன்ல கடுதாசி போட்டாங்கல்ல, சரணடைஞ்சா மன்னிப்புன்னு. ஒண்ணு வச்சிருக்கேன். வெளிய வரப்போறேன்டா. உள்ள இருக்கிறவனுக்குத் தெரிஞ்சா அவனே என்னைத் தீத்துருவான். பூசத்தன்னிக்குக் கித்தாக் காட்டுல ஆள் இருக்காது. காலையில எட்டு மணிக்கு நான் வேலை செஞ்ச தோட்டத்து வாசல்ல வந்து நில்லு. ஒன் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் வருவேன்."

"அம்மாகிட்ட சொல்லவா?"

"வேணாம். வர முடியாமப் போச்சின்னா அதுக்கு ரெண்டு தடவ நான் செத்த மாதிரி ஆயிரும்."

அவ்வளவுதான். விறகைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். நான் ஏணியிலேயே நின்று அழுதேன், கண்ணில் சாயம் தெறித்துவிட்டது என்று கடைக்காரரிடம் பொய் சொன்னேன்.

நாலு நாள் கழித்து அப்பு வந்தான். நான்காம் பாகம் வருவதற்குள் தன் கூடாரத்தில் முகமூடி கழல வேண்டுமாம். கறுப்புக் கையுறை எட்டிப் பார்த்ததும் முகமூடி விழும்படி கம்பி வைத்துவிட்டான், உள்ளே ஒரு முகம் வேண்டும். படமே இன்னும் வரவில்லை, நான் எந்த முகத்தைப் பார்த்து எழுதுவது என்றேன். "முக்கா ஜஹாட், அவ்வளவுதான்" என்றான். அதாவது பொல்லாத முகமாக ஏதோ ஒன்று.

தகரத்தை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். கண்ணை மூடினால் ஒரே முகம்தான் வந்தது. சரி, அதையே எழுது, உனக்கும் தினம் பார்த்துக்கொள்ள ஆகும் என்று மனசு சொன்னது. மொட்டைத் தலை, குழிவிழுந்த கன்னம், பிளந்த புருவம். ஏழு வருடத்துக்கு முந்தைய ஆளோடு ஒட்டே இல்லை, யாருக்குத் தெரியப்போகிறது என்றும் நினைத்துக்கொண்டேன். எழுதி முடித்தபோது அண்ணன் என்னைப் பார்த்தான். அவன் எங்கே போய் நிற்கப் போகிறான் என்று அந்த நிமிஷம் நான் யோசிக்கவே இல்லை. என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

கூடாரத்தில் கூட்டம் நெரிந்தது. உயிரோடு இருக்கிறான் ஐயா என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். மருதமுத்து முதல் நாளே நாற்பது தடவை சுட்டான்.

பொங்கலன்று சாயந்திரம் அம்மா திடலுக்கு வந்தாள். என் அம்மா பாக்கியம் இந்த மாதிரி இடத்துக்கு வருகிறவள் அல்ல. மகன் எழுதியதை ஊரே பேசுகிறது என்று பக்கத்து வீட்டு மல்லிகா இழுத்து வந்துவிட்டாள். அப்பு எழுந்து மரியாதையாகத் துப்பாக்கியைக் கொடுத்தான். அம்மா கன்னத்தை அதில் வைத்தாள். பாதை உருண்டது, தகர ஆட்கள் வந்தார்கள், அவள் சுடவில்லை. கறுப்புக் கையுறை வந்தான், முகமூடி விழுந்தது. சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. "இன்னொரு தடவ" என்றாள். மூன்று தடவை பார்த்தாள், ஒரு தடவைகூடச் சுடவில்லை.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியபின் கேட்டாள். "அந்தப் புருவத்து வெட்டு இங்க இருந்தப்ப அவனுக்கு இல்ல. நீ எங்க பாத்த?"

மறைக்க முடியவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அழவில்லை. நன்றாகச் சாப்பிடுகிறவன்போல் இருந்தானா என்று மட்டும் கேட்டாள். பிறகு, "அந்தத் தகரத்தக் கழட்டிடு சுந்தரம்" என்றாள். "பெத்த புள்ள மூஞ்சில ஆளாளுக்குச் சுடுறானுங்க. நல்லதில்ல."

"பூசம் முடியட்டும்மா. இப்பக் கழட்டுனா ஏன் எதுக்குன்னு கேப்பாங்க."

பாதி நிஜம். மீதியையும் சொல்லிவிடுகிறேன். என் கைவேலையைப் பற்றிப் பட்டணம் பேசியது அதுதான் முதல் தடவை. கழற்ற எனக்கு மனசு வரவில்லை.

பூசத்தன்று விடியும் முன்பே அம்மா எழுந்து புளிச்சாதம் கட்டினாள். புது வேட்டி ஒன்றைப் பையில் வைத்து என் சைக்கிளில் மாட்டினாள். செங் தோட்டத்து வாசலுக்கு எட்டு மணிக்கு முன்பே போய்விட்டேன். அங்கே துப்பாக்கியோடு காவல் நின்றவன் மருதமுத்து.

"என்னண்ணே இந்தப் பக்கம்? பூசத்துக்குப் போவலயா?" என்றான். "எல்லாரும் லீவு போட்டுட்டானுங்க. கல்யாணம் ஆவாதவன் நாந்தானேன்னு என்னைய நிறுத்திட்டாங்க."

தெய்வமே தெரிந்த ஆளாகப் பார்த்து நிறுத்தியிருக்கிறது என்று எனக்கு மனசு குளிர்ந்தது. அவனிடம் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். இத்தனை நாள் பொத்தி வைத்ததை ஒரு நிமிஷம் முன்னால் சொல்லிக் கெடுப்பானேன், அண்ணன் கண்ணில் பட்டதும் சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டேன். மருதமுத்து முந்தின நாள் ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தான். ஒரு தடவைகூடத் தப்பவில்லையாம்.

கித்தா மரத்துக்குப் பின்னாலிருந்து அண்ணன் எட்டிப் பார்த்தான். என்னைப் பார்த்தான், சிரித்தான். இரண்டு எட்டு வெளியே வந்தான். மருதமுத்துவைப் பார்த்ததும் ஒரு கையைத் தலைக்குமேல் தூக்கினான். இன்னொரு கை அந்தக் காகிதத்தை எடுக்க இடுப்புக்குப் போனது.

ஒன்று என்று எண்ணக்கூட நேரம் இருக்கவில்லை. வேட்டுச் சத்தம் கேட்டது. சுடாதே என்று நான் கத்தினேனா, கத்த நினைத்தேனா, இன்றுவரை தெரியவில்லை.

அண்ணன் மடங்கித்தான் விழுந்தான். ஓடிப்போய்த் தூக்கினேன், மூச்சு இல்லை. எண்ணெய்த்துணியில் சுற்றிய காகிதம் கையில் இருந்தது. மருதமுத்து அதை வாங்கிப் பிரித்தான். அரசாங்க முத்திரை போட்ட மன்னிப்புக் கடிதம்.

"துப்பாக்கி இல்லண்ணே" என்றான். "நீங்க எழுதுன மூஞ்சிண்ணே இது. அதே மொட்ட, அதே புருவம். கை இடுப்புக்குப் போச்சி. நான் யோசிக்கவே இல்லண்ணே, கையி தானாச் சுட்டுருச்சி."

"எங்கண்ணன்" என்றேன்.

அவன் அப்படியே பாதையில் உட்கார்ந்துவிட்டான். விசாரணையில் அவன் கடமையைச் செய்ததாக எழுதிக்கொண்டார்கள். அவன் வேலையை விட்டுவிட்டான், அப்புவின் கூடாரத்துக்கும் அப்புறம் வரவில்லை. எனக்கு அவன்மேல் கோபம் வந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். வரவில்லையே.

அடுத்த மாதம் நான்காம் பாகம் வந்தது. முகமூடிக்குள் இருந்தவன் மீசை வைத்த ஒரு வெள்ளைக்காரன், பார்த்தால் பாங்கு குமாஸ்தா. அதே மாதம்தான் பண்டார் ஹிலிர் திடலில் சுதந்திரத்துக்குத் தேதி சொன்னார்கள். அதற்குத் துணிப் பதாகை எழுதியதும் நான்தான். எழுத்து மட்டும்தான் எழுதினேன், முகம் எதுவும் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

பதாகை வேலை முடிந்த மறுநாள், அந்தத் தகரத்தைக் கொண்டு வா என்றாள் அம்மா. அப்பு ஆணியைப் பிடுங்கிக் கழற்றித் தந்தான். அண்ணனின் கடைசிக் கால முகம் எங்களிடம் வேறு எதிலும் இல்லை. விளக்குப் பக்கத்தில் வைப்பாள் என்று நினைத்துத் துடைத்துக் கொடுத்தேன். நெற்றியிலும் கன்னத்திலும் சாயம் உதிர்ந்து, குண்டு பட்ட இடமெல்லாம் சின்னச் சின்னப் பள்ளம். அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பள்ளமாக விரலால் தடவினாள்.

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள். "நான் கழட்டச் சொன்னதுக்கப்பறம் விழுந்தது இதுல எதெது?"