அறுபது மிதி

சனிக்கிழமை காலை பத்து மணி வாக்கில் அந்த முன்னறையில் நாலு பேர் இருந்தார்கள். கதவோரம் போட்டிருந்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில், போகச் சொன்னால் உடனே எழுந்துவிடுகிறவர் மாதிரி, பஸ் டிரைவர் ஜெயசீலன். ஜன்னலை ஒட்டிய கட்டிலில் கால் மேல் கால் போட்டுக்கொண்டு ராஜவேல். சக்கரபாணியின் தங்கை புருஷன், கிளியனூரில் டயர் கடை வைத்திருப்பவன். அவன் காலடியில் வாயைக் கட்டின ஒரு சாக்கு. அடுப்படி வாசலில் தரையில் காலை நீட்டி, முறத்தில் முருங்கைக் கீரை உருவிக்கொண்டு சக்கரபாணியின் மனைவி வைஜெயந்தி. தையல் மெஷினைக் கவிழ்த்து மூடி, அதன் பலகையையே மேஜையாக்கி, ஸ்டூலில் சக்கரபாணி. முழங்கையில் கட்டு. முன்னால் கோடு போட்ட தாள். அதில் அனுப்புநர் ஆகிவிட்டது, பெறுநர் ஆகிவிட்டது. பொருள் என்று எழுதிப் பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்தவர், கால் மணி நேரமாக அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

"மேல எழுதுங்க," என்றாள் வைஜெயந்தி. "அன்னைக்கி எண்பதுல வந்த வண்டியையே நிறுத்துனீங்க. ஒரு லெட்டரு ஓட்டத் தெரியலையா?"

ராஜவேல் சிரித்தான். ஜெயசீலன் சிரிக்கலாமா என்று யோசித்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

பதினோரு நாளாக வைஜெயந்தி இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். சக்கரபாணியின் தங்கை மகளுக்குக் கீழ்புத்துப்பட்டுக் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்துகிற நாள் அது. தாய்மாமன் மடியில்தான் பிள்ளையை உட்கார வைக்க வேண்டும். புருஷனும் பெண்டாட்டியும் பைக்கில் போகிறார்கள். கூனிமேடு தாண்டி நீட்டான ரோட்டில் டமார் என்று பின் டயர் வெடிக்கிறது. பின்பக்கம் இப்படியும் அப்படியும் வீசுகிறது, நாய் வாலை ஆட்டுகிற மாதிரி. பின்னாலேயே சென்னையிலிருந்து பாண்டிச்சேரி போகிற பஸ். "இவரு ஹேண்டில விடல. பிரேக்கத் தொடல. மூச்சு கூட விட்டாரான்னு தெரியல. அப்படியே ஓரத்துக்குக் கொண்டாந்து மணல்ல சாய்ச்சாரு. எனக்கு ஒரு செருப்பு போச்சு, அவ்வளவுதான். சீர்த் தட்டுல இருந்த வாழைப்பழம் ஒண்ணு நசுங்கல." தண்ணீர்க் குழாயடியில் சொன்னாள், ரேஷன் கடையில் சொன்னாள், உப்பளத்தில் வேலை செய்கிற பொம்பளைகள் அத்தனை பேருக்கும் சொன்னாள். சொல்லச் சொல்லப் பஸ் பெரிசாகிக்கொண்டே வந்தது.

சக்கரபாணிக்கு அது பிடித்திருந்தது. இருபத்தி ரெண்டு வருஷக் கல்யாணத்தில் அவர் இப்படி ஒரு பேர் வாங்கினதில்லை. அந்தப் பதினோரு நாளும் தயிர்சாதம்கூட ருசியாக இருந்தது. விடிகாலையில் உப்பளத்துக் கரையில் நின்று பாத்திகள் வெள்ளை வெளேரென்று விரிந்து கிடப்பதைப் பார்க்கும்போது, இதையெல்லாம் பார்க்காமல் போயிருப்போமே என்று தோன்றி, காரணமில்லாமல் சிரிப்பு வந்தது. டயர் ஏன் வெடித்தது என்று கேட்டவர்களிடம் மட்டும், "ஆணி ஏறியிருக்கும்," என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார்.

இப்போது அந்த ஆணிதான் வீடு தேடி வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தது.

ஜெயசீலன் அன்றைக்கு அந்தப் பஸ்ஸை ஓட்டினவர். முன்னால் பைக் ஆடுவதைப் பார்த்ததுமே பிரேக்கை மிதித்து, வண்டியை இடது பக்கம் மண்ணில் இறக்கி, சவுக்குக் கட்டை அடுக்கியிருந்த இடத்தில் மோதி நிறுத்தினார். பஸ்ஸின் முன்கண்ணாடி விரிசல் விட்டது. முன்சீட்டுப் பயணி ஒருவருக்கு உதடு கிழிந்தது. இறங்கி ஓடிவந்தவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து முதலில் வைஜெயந்தியிடம்தான் நீட்டினார்.

"இப்ப என்னதான் சொல்றாரு உங்க மொதலாளி?" என்று ராஜவேல் கேட்டான்.

"நான் பைக்கை உரசிட்டேன்னு சொல்றாருங்க." ஜெயசீலன் குரலை உயர்த்தவில்லை. "பஸ்ல இருந்த ஒருத்தர், பஸ் பின்னாடி இடிச்சிடுச்சி, அதுலதான் டயரு வெடிச்சுதுன்னு வாய்ஸ் மெசேஜ் போட்டுட்டாரு. அது மொதலாளி வரைக்கும் போயிடுச்சி. பத்து நாளா வண்டி குடுக்கல. நான் இல்லீங்க, அதுவா வெடிச்சுதுன்னேன். ஆணின்னு அவுங்களே சொன்னாங்கன்னேன். எங்க மெக்கானிக்கு, ஆணின்னா புஸ்ஸுன்னு எறங்கும், அப்படி வெடிக்காதுன்னுட்டாரு. பைக்காரர் கிட்டயே போயி, எதனால வெடிச்சுதுன்னு கையெழுத்து போட்டு, ஆதார் ஜெராக்ஸ் வெச்சி, தபால்ல அனுப்பச் சொல்லு, திங்கக்கெழமை வரைக்கும் பாக்கறேன், அப்புறம் வேற ஆள் போட்டுடுவேன்னாரு. கையில வாங்கிட்டு வந்தா நானே எழுதிக்கிட்டேன்னு சொல்வாராம்."

"பதினாறு வருஷமா ஓட்டறாராம்," என்றாள் வைஜெயந்தி புருஷனைப் பார்த்து. "எழுதுங்களேன். நீங்க எழுதறதுல அவரு பொழப்பு இருக்குது."

"மெக்கானிக்கு சொல்றதும் நாயந்தான் மச்சான்," என்றான் ராஜவேல். "ஆணியா இருந்தா மெதுவாத்தான் போவும். நாலு மாசம்கூட ஆவல அந்த டயரு. நம்ம கடை டயரு. காது குத்துல பந்தியில உக்காந்தவனெல்லாம், மச்சானுக்கே இப்படி டயரு குடுத்திருக்கியேடான்னு என்னெ வறுத்து எடுத்துட்டான். அதான் வெடிச்ச டயரையே கொண்டாந்தேன். வா, எல்லாரும் பாத்துடலாம். சரக்குல கோளாறுன்னா நான் கம்பெனிக்கு அனுப்பிக் கேக்கறேன். அதையே லெட்டர்ல எழுதிடு, வேல முடிஞ்சுது." குனிந்து சாக்கின் கட்டை அவிழ்க்கப் போனான்.

"அதைப் பிரிக்க வேணாம் மாப்ள," என்றார் சக்கரபாணி.

ராஜவேலின் கை சாக்கின் முடிச்சு மேலேயே நின்றது.

சக்கரபாணி பேனாவை மூடி வைத்தார். உப்பளத்தில் அவர் மேஸ்திரி. தினம் விடியறதுக்குள் கரை மேலேயே பைக்கில் ஒரு சுற்றுப் போய், எந்த வாய்க்காலில் தண்ணீர் ஏறியிருக்கிறது, எந்தப் பாத்தி உப்பு வாரப் பதமாகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கரை களிமண். காற்று நிறைய இருக்கிற டயர் அதில் வழுக்கும், இல்லை புதையும். அதனால் அங்கே பைக் ஓட்டுகிற எல்லாரும் ஒரு காரியம் செய்வார்கள். கரையில் ஏறுமுன் வால்வைக் குச்சியால் குத்திப் பின் டயரில் பாதிக் காற்றை இறக்கிவிடுவார்கள். டயர் பரந்து உட்கார்ந்து மண்ணைப் பிடித்துக்கொள்ளும். திரும்பி வந்ததும் மோட்டார் கொட்டகையில் இருக்கிற கால் பம்ப்பால் மிதித்து ஏற்றிவிட்டுத்தான் ரோட்டுக்கு வருவார்கள். சக்கரபாணிக்கு அறுபது மிதி கணக்கு.

"அன்னைக்கி நான் மிதிக்கல," என்றார்.

வைஜெயந்தியின் கை கீரையை உருவிக்கொண்டே இருந்தது.

"கரையில அன்னைக்கி நேரமாயிடுச்சி. எறங்கி வர்றேன், போனு வந்துது. மொட்டையடிச்சாச்சு, ஆசாரி வந்துட்டாரு, தாய்மாமனைக் காணோம்னு உக்காந்திருக்காங்களாம்னு இவ கூப்ட்டா. அப்படியே வீட்டுக்கு வந்து சட்டையை மாத்திக்கிட்டு இவளை ஏத்திக்கிட்டேன். பாதிக் காத்து. வெயிலு. ரெண்டு பேரு. எண்பதுக்கு மேல முறுக்கிட்டேன். வண்டி லேசா பாரமா இருந்துது. சீர்த் தட்டுன்னு நெனச்சிக்கிட்டேன். வெடிச்ச அந்த நிமிஷமே எனக்குத் தெரியும், எதனாலன்னு. ஆணின்னு நான்தான் சொன்னேன். ஆணியுமில்ல, டயரு மேலயும் கோளாறு இல்ல, இவரும் உரசல."

ராஜவேல் சாக்கை அவிழ்த்து, உள்ளே கிடந்த டயருக்குள் கையை விட்டுத் துழாவி வெளியே எடுத்தான். விரல்களில் கறுப்பு மாவு ஒட்டியிருந்தது. காற்று குறைந்து ஓடின டயர் உள்ளுக்குள்ளேயே அரைபட்டுக் கொட்டின மாவு. அதைக் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தான்.

"ஏன் மச்சான், பந்தியில என்னெ வறுத்தப்ப நீயும் பக்கத்துலதானே பாயசம் குடிச்சிக்கிட்டிருந்த?"

"ரெண்டு தம்ளர் குடிச்சேன்," என்றார் சக்கரபாணி.

வைஜெயந்தி முறத்தைத் தள்ளி வைத்தாள். சக்கரபாணி அவள் முகத்தைப் பார்க்காமல் தையல் மெஷின் சக்கரத்தைப் பார்த்தார்.

"அப்ப நான் போன் பண்ணி அவசரப்படுத்துனதாலயா?" என்று கேட்டாள்.

"நீ கூப்ட்டது கூப்ட்டதுதான். மிதிக்காதது என் காலு."

"பதினோரு நாளா ஊரு பூரா சொல்லிட்டு வந்திருக்கேன். நேத்துகூடப் பால்காரம்மா கிட்ட."

"தெரியும்."

"கேட்டுக்கிட்டே சும்மா இருந்தீங்க."

"நல்லா இருந்துது," என்றார் சக்கரபாணி.

அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று மூன்று ஆண்களும் காத்திருந்தார்கள். அவள் ஒரு கீரைக் காம்பை எடுத்து இரண்டாக ஒடித்தாள். அந்த நேரத்தில் ஜெயசீலன்தான் வாயைத் திறந்தார்.

"ஒண்ணு கேக்கணும்னு அன்னைக்கே நெனச்சேண்ணே. டயரு வெடிச்சா யாரா இருந்தாலும் மொதல்ல பிரேக்கைத்தான் அமுக்குவான். நீங்க அமுக்கல. அமுக்கியிருந்தா பொரண்டு என் முன்சக்கரத்துக்கு அடியிலதான் வந்திருப்பீங்க. நான் மண்ணுல எறக்கறதுக்கு அந்த ரெண்டு செகண்டு கெடச்சுது பாருங்க, அது நீங்க குடுத்தது. எங்க கத்துக்கிட்டீங்க?"

"எங்கயும் இல்லீங்க. கரையிலதான். மழைக்கப்புறம் களிமண்ணுல பின்பக்கம் இப்படித்தான் இழுக்கும். பிரேக் பிடிச்சா நேரா பாத்திக்குள்ள, உப்புத் தண்ணியில. முறுக்கறத விட்டுட்டு ஹேண்டில மட்டும் கெட்டியா பிடிச்சிக்கிட்டா அதுவா ஒரு எடத்துல நிக்கும். தினம் நடக்கறதுதான். கை அதையே செஞ்சிடுச்சி."

வைஜெயந்தி முதலில் மூக்கால் சிரித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கவுத்ததும் அந்தக் கரைதான், நிறுத்துனதும் அந்தக் கரைதானா?" என்றாள். சிரிப்பு அடங்கினதும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது எவ்வளவு சிரிப்பு, எவ்வளவு வேறு என்று சக்கரபாணிக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

"ஹேண்டில விடலன்னு நான் சொன்னது பொய்யில்லையே?" என்றாள்.

"அது நெசந்தான்."

"அப்ப எழுதுங்க. மொதல்ல காத்து ஏத்தலன்னு எழுதுங்க. அப்புறம் அதையும் எழுதுங்க. பாதி லெட்டரு எழுதாதீங்க."

பேனா திறந்தது. பொருள் என்பதற்குப் பக்கத்தில் சக்கரபாணி எழுதினார்: என் கவனக்குறைவால் டயர் வெடித்தது, தங்கள் ஓட்டுநர் காப்பாற்றியது குறித்து. பத்தாம் வகுப்பில் தமிழய்யா பழக்கின மாதிரியே இடது பக்கம் இரண்டு விரல் இடம் விட்டு, ஒரு சங்கதிக்கு ஒரு பாரா. முதல் பாராவில் உப்பளத்துக் கரை, அரைக் காற்று, மிதிக்காத அறுபது மிதி. இரண்டாவதில் வெடித்த இடம், நேரம். மூன்றாவதை எழுதுமுன் ஜெயசீலனைக் கேட்டார்: "நீங்க எவ்ளோ தூரத்துல வந்தீங்க?"

"நாப்பது அடி இருக்குங்க."

"அதுக்கும் மேல," என்றாள் வைஜெயந்தி. "நான் திரும்பிப் பாத்தேன். அப்ப நம்ம வீட்டுலேருந்து தண்ணி டேங்க் வரைக்கும் இருந்துது."

"தண்ணி டேங்க்கு அறுபது அடி," என்றான் ராஜவேல்.

அறுபது அடிக்குக் குறையாத தூரம் என்று எழுதினார். பஸ் எங்கள் வண்டியைத் தொடவில்லை. தொடாமல் இருப்பதற்காகவே ஓட்டுநர் பஸ்ஸை மண்ணில் இறக்கினார். அவர் இறக்கவில்லை என்றால் இந்தக் கடிதத்தை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். கடைசிப் பாராவில், நான் பிரேக்கைப் பிடிக்கவில்லை, ஹேண்டிலை விடவில்லை என்று ஒரே ஒரு வரி. அதை எழுதும்போது காது சூடாயிற்று. ஆனாலும் எழுதினார்.

உரக்க ஒரு தடவை படித்துக் காட்டினார். ராஜவேல் குறுக்கே விழுந்தான். "டயரில் எந்தக் கோளாறும் இல்லைன்னு தனியா ஒரு வரி போடு மச்சான். கடை பேரோட போடு."

"பஸ் மொதலாளிக்கு எதுக்குடா உன் கடை பேரு?"

"அவருக்கும் டயரு வேணுமில்ல."

கடை பேர் இல்லாமல் அந்த வரி ஏறியது. சக்கரபாணி கையெழுத்துப் போட்டார். வைஜெயந்தி கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, "நானும்தான் பின்னாடி உக்காந்திருந்தேன்," என்று பேனாவை வாங்கி, அவர் பேருக்குக் கீழே தன் பேரை நிறுத்தி நிதானமாக எழுதினாள். இரண்டு ஆதார் ஜெராக்ஸையும் தாளோடு மடித்துக் கவருக்குள் வைத்தார். பசை காய்ந்து போயிருந்தது. அடுப்படியிலிருந்து அவள் நாலு சோற்றுப் பருக்கை கொண்டு வந்தாள். விளிம்பு முழுக்கத் தேய்த்து, உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினார்.

போஸ்ட் ஆபீஸ் சனிக்கிழமை சீக்கிரம் மூடிவிடுவார்கள் என்று எல்லாரும் எழுந்தார்கள். வாசலில் பைக் நின்றது. பின்னால் புது டயர். சக்கரபாணி ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டார். வைஜெயந்தி ஏறவில்லை.

"இன்னைக்கி கரைக்குப் போயிட்டு வந்தீங்களே."

"மிதிச்சிட்டேன். எண்ணி அறுபது."

அவள் குனிந்து பின் டயரைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தாள். பிறகு ராஜவேல் வந்து அழுத்தினான். "கொஞ்சம் ஜாஸ்தியாவே இருக்குது," என்றான். ஜெயசீலன் தயங்கி நின்றவர், அவரும் குனிந்து ஒரு தடவை அழுத்திவிட்டுத் தலையை ஆட்டினார். கடைசியாக சக்கரபாணியும் இறங்கி அழுத்திப் பார்த்தார். டயர் கல் மாதிரி இருந்தது.

அதற்கப்புறம்தான் அவள் ஏறினாள். ராஜவேல் தன் வண்டியில் டிரைவரை ஏற்றிக்கொண்டு பின்னால் வந்தான். முப்பதைத் தாண்டாமல் போனார்கள்.

கவுண்டரில் இருந்த பெண் கவரைத் தராசில் வைத்துவிட்டு, "உள்ள என்னங்க?" என்று கேட்டாள்.

"லெட்டர்தாங்க," என்றார் சக்கரபாணி.

"திங்கக்கெழமை போயிடுமா?" என்று பின்னாலிருந்து ஜெயசீலன் கேட்டார்.

"பாண்டிச்சேரி தானே, போயிடும்," என்று சொல்லி, அவள் பார்கோடு சீட்டைக் கவர் மேல் ஒட்டி, முத்திரையை ஓங்கி ஒரு குத்துக் குத்தி, பின்னால் இருந்த பையில் போட்டாள்.